'36 ஆர்சிடி' நோயின் பெயர் அல்ல: பல் மருத்துவ மின்பதிவில் டயக்னோசிஸ் எழுதும் முறை

ஏதாவது ஒரு பல் கிளினிக்கின் பழைய பதிவைத் திறந்து பாருங்கள். "36 – ஆர்சிடி, கேப்". "46 – ஃபில்லிங்". "கிளீனிங் முடிந்தது". 36, 46 என்பவை பல் எண்கள், ஆர்சிடி என்பது வேர் சிகிச்சை. என்ன செய்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்பது தெரியும். எதற்காகச் செய்தார்கள் என்பது எங்கும் இருக்காது. நான்கு வருடம் கழித்து அதே 36 வலிக்கிறது என்று நோயாளி வந்து உட்காரும்போது அதுதான் முதல் கேள்வியாகிறது. அன்று பல்ப் (பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள சதை) உயிரோடு இருந்ததா, செத்துப்போயிருந்ததா? வேர் நுனியில் அப்போதே கருநிழல் இருந்ததா? இன்றைய எக்ஸ்ரேயில் தெரிவது ஆறிக்கொண்டிருக்கும் பழைய புண்ணா, புதிதாகக் கிளம்பியதா என்று சொல்ல அந்தப் பதில் வேண்டும். பில்லில் அது இருக்காது.

இந்தப் பழக்கம் நம் ஊரில் மட்டும் வந்ததல்ல. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சிகிச்சைகளுக்கான கோடுகளை (குறியீடுகளை) 1969லேயே வெளியிட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் பணம் அந்தக் கோடை வைத்துத்தான் வந்தது. நோய்க்கோடு எழுத அவர்களுடைய க்ளெய்ம் படிவத்தில் இடம் கிடைத்ததோ 2012ஆம் ஆண்டுப் படிவத்தில்தான்: 34ஏ என்ற கட்டத்தில், அதிகபட்சம் நான்கு கோடு. பணம் எதைக் கேட்டதோ அதையே பல் மருத்துவ சாஃப்ட்வேர்களும் கற்றுக்கொண்டன. சிகிச்சைக்கு அழகான பட்டியல் இருக்கும். டயக்னோசிஸுக்கு ஒரு வெற்றுப்பெட்டி, அதில் கைக்கு வந்ததைத் தட்டலாம். ஒருவர் "சொத்தை" என்பார், ஒருவர் "கேரிஸ்", இன்னொருவர் "டீப் கேவிட்டி", நான்காமவர் "டிசி". கம்ப்யூட்டருக்கு இவை நான்கு நோய்கள்.

இதைச் சரிசெய்யப் புது சாஃப்ட்வேர் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற சாஃப்ட்வேரிலேயே அந்த வெற்றுப்பெட்டியை ஒரு பட்டியலாக மாற்ற முடிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. எப்படி மாற்றுவது, எங்கே சறுக்கும் என்பதைப் பார்க்கலாம். ஒரு சின்னக் குறிப்பு: இங்கே 'கே02.1' என்பதுபோல வரும் இடங்களில் 'கே' என்பது ஆங்கில எழுத்து. சாஃப்ட்வேரில் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

எந்தப் பட்டியலை எடுப்பது

புதிதாக ஒரு பட்டியலை நாமே இயற்றுவது முதல் தவறு. ஏற்கெனவே இருப்பவை போதும்.

ஸ்நோமெட் சிடி என்பது மருத்துவர் பேசும் மொழிக்கு நெருக்கமானது. ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்குக் கீழே பல பெயர்கள். பல் சொத்தைக்கு எண் 80967001. "கேரிஸ்" என்று தேடினாலும் வேறு பெயரில் தேடினாலும் பதிவாவது இந்த எண்தான். கருத்துகள் கிளைகிளையாக அடுக்கப்பட்டிருப்பதால், "பல்ப் நோய்கள் எல்லாவற்றையும் காட்டு" என்று கேட்டால் அதன் கீழுள்ள அத்தனையும் வரும். வெறும் பெயரைச் சேமித்தால் இது நடக்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பல் மருத்துவச் சொற்பட்டியலான ஸ்நோடென்ட் இன்று இதன் ஒரு பகுதியாகவே இருக்கிறது. ஹார்வர்ட் உள்ளிட்ட சில அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து 2011இல் இஇசட்கோட்ஸ் என்று ஒன்றை வெளியிட்டன. நாற்காலிப் பக்கத்தில் நின்றுகொண்டே தேர்ந்தெடுக்கும் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அடுக்கும் முறையை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

ஐசிடி-10 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு) வேறு வேலைக்கு. எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணவும், இன்ஷூரன்ஸுக்கும், அரசுக்கு அறிக்கை அனுப்பவும் அது. நாற்காலியில் இருப்பவரின் பல்லை விவரிக்க அது போதாது. ஆகவே மருத்துவர் ஸ்நோமெட் சொல்லைத் தேர்ந்தெடுக்கட்டும். ஐசிடி கோடு பின்னால் தானாக ஒட்டிக்கொள்ளட்டும். மருத்துவரை இரண்டையும் தேடவைத்தால் இரண்டாவது வாரத்தில் இரண்டுமே நின்றுபோகும்.

இந்தியாவில் ஸ்நோமெட்டுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2014 முதல் இந்தியா அதன் உறுப்பு நாடு. புணே சி-டாக் நிறுவனத்தில் உள்ள தேசிய வள மையத்தில் பதிவு செய்து இலவச உரிமம் பெறலாம். மத்திய சுகாதார அமைச்சகம் 2013இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களிலும் ஸ்நோமெட், ஐசிடி-10 இரண்டும் இருக்கின்றன. நோயாளியின் 14 இலக்க ஆபா எண்ணோடு (அரசின் சுகாதார அடையாள எண்) பதிவை இணைக்கப்போகிற கிளினிக்குக்கு இது முக்கியம். அங்கே போய்ச் சேரும் பதிவில் "டிசி வித் பெயின்" என்றிருந்தால் அடுத்த மருத்துவமனைக்கு ஒன்றும் புரியாது.

ஒரே கோடு, மூன்று அர்த்தம்

பெரிய கோளாறு நடப்பது இங்கேதான். இணையத்தில் "டென்டல் ஐசிடி கோட்ஸ்" என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்கென்று மாற்றி எழுதிய ஐசிடி-10-சிஎம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வேறு. அதே நிறுவனம் பல் மருத்துவத்துக்கென்று விரித்து எழுதிய ஐசிடி-டிஏ மூன்றாம் பதிப்பு (1995) இன்னொன்று. மூன்றிலும் எழுத்தும் எண்ணும் ஒரே சாயலில் இருக்கும், பொருள் மாறும்.

கே02.5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10இல் இது பல்ப் வரை திறந்துவிட்ட சொத்தை. அமெரிக்கப் பதிப்பில் அதே கே02.5 பல்லின் குழி, பிளவுகளில் வரும் சொத்தைகளின் தலைப்பு: கே02.51 என்றால் எனாமலோடு நின்றது, கே02.52 டென்டினுக்குப் போனது, கே02.53 பல்ப்பைத் தொட்டது. எனாமல் சொத்தைக்கும் பல்ப் திறந்த சொத்தைக்கும் ஒரே முதல் நான்கு எழுத்து!

இதைவிட மோசம் கே04.02. அமெரிக்கப் பதிப்பில் அது மீளாத பல்ப் அழற்சி, அதாவது இர்ரிவர்சிபிள் பல்பைடிஸ். ஐசிடி-டிஏவில் அதே கோடு சீழ் பிடித்த பல்பைடிஸ். கே04.01 அமெரிக்கப் பதிப்பில் ரிவர்சிபிள், ஐசிடி-டிஏவில் அக்யூட். ஒன்றுக்கு ஃபில்லிங் போதும், மற்றதற்குப் பெரும்பாலும் போதாது. கோடு ஒன்றே. பல் வரிசைக் கோளாறுகளும் அப்படித்தான். உலகப் பதிப்பில் கே07இல் இருப்பவற்றை அமெரிக்கர்கள் எம்26க்கு மாற்றிவிட்டார்கள். இணையப் பட்டியலை அப்படியே ஏற்றிய கிளினிக்கில் ஆர்த்தோ கேஸ்கள் இரண்டு பெயரில் பிரிந்து கிடக்கும்.

ஆகவே கோடைத் தனியாகச் சேமிக்காதீர்கள். பக்கத்திலேயே எந்தப் பட்டியல், எந்தப் பதிப்பு என்று இரண்டு பெட்டிகள் இருக்க வேண்டும். இந்தியாவில் வேலை செய்கிறவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 சரியான தேர்வு. அதில் பல்பைடிஸ் முழுவதும் கே04.0 என்ற ஒரே கோடில் அடங்கிவிடும். மீளுமா மீளாதா என்ற வித்தியாசத்தை ஸ்நோமெட் சொல் தாங்கிக்கொள்ளட்டும்.

பட்டியலைச் சுருக்குங்கள்

ஸ்நோமெட் முழுவதையும் தேடுபெட்டியில் திறந்துவிட்டால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஒரு பொது பல் கிளினிக்குக்கு 60 முதல் 80 சொல் போதும். கடைசி 200 கேஸ் ஷீட்டுகளை எடுத்து, எழுதியிருப்பதை ஒரு தாளில் கோடு கிழித்து எண்ணுங்கள். அதிகம் வருபவை தானாக மேலே வரும். பிறகு அரிதாக வந்தாலும் விட்டுவிடக் கூடாதவற்றைச் சேருங்கள்: லுக்கோபிளேக்கியா (வாயில் வரும் வெள்ளைத் திட்டு), வாய்ப்புற்று சந்தேகம், பல் அடிபட்டது, தாடைக்கட்டி.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரி. அந்த வரியில் மருத்துவர் பார்க்கும் பெயர், ஸ்நோமெட் எண், ஐசிடி கோடு, நோயாளிக்குச் சொல்லும் தமிழ்ப்பெயர் ஆகியவை இருக்கட்டும். கூடவே மூன்று ஆம்-இல்லைக் கட்டங்கள்: பல் எண் கட்டாயமா, பல்லின் பக்கம் கட்டாயமா, அளவு ஏதாவது கட்டாயமா. சொத்தைக்குப் பல்லும் பக்கமும் வேண்டும். ஈறு நோய்க்குப் பல் எண் வேண்டாம், அளவு வேண்டும். வாய்ப்புண்ணுக்கு இடம் வேண்டும். இந்த மூன்று கட்டங்களைச் சரியாக வைத்தால் பாதிப் பிழைகள் பதியும்போதே நின்றுவிடும்.

தினமும் தேவைப்படும் சில ஐசிடி-10 கோடுகள், உலகப் பதிப்பின்படி:

எனாமலோடு நின்ற சொத்தை கே02.0, டென்டின் சொத்தை கே02.1, வேரின் சிமென்டத்தில் சொத்தை கே02.2, நின்றுபோன சொத்தை கே02.3. பல் தேய்மானத்தில் அட்ரிஷன் கே03.0, பிரஷ் தேய்ப்பால் வரும் அப்ரேஷன் கே03.1, அமில அரிப்பு கே03.2. பற்கூச்சம் கே03.8. செத்த பல்ப் கே04.1. பதிந்த பல் கே01.1. அக்யூட் பெரிகொரோனைடிஸ், அதாவது ஞானப்பல்லைச் சுற்றிய ஈறு வீக்கம், கே05.2. பல் பிடுங்கிய குழி ஆறாமல் வலிக்கும் ட்ரை சாக்கெட் கே10.3. உள்ளே நின்றுபோன வேர் கே08.3. உடைந்த பல் எஸ்02.5, இடம் பெயர்ந்த பல் எஸ்03.2. வாய்ப்புண் கே12.0. ஒன்றுமில்லை, செக்-அப் மட்டும் என்றால் இசட்01.2. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை செய்கிறவர்கள் கே00.3ஐ மேலே வையுங்கள். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் வரும் பல் கறை அங்கே தினசரி விஷயம். அதை "ஸ்டெயின்" என்று எழுதிப் பாலிஷ் போட்டு அனுப்பும் பழக்கமும் தினசரி விஷயம்தான்.

பட்டியலை அகர வரிசையில் அடுக்காதீர்கள். "அப்ரேஷன்", "ஆப்சஸ்" முதலில் நிற்கும். அவசரத்தில் கை முதலில் பட்டது பதிவாகும். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் பல் தேய்ந்துபோயிருக்கும். நோய் வகை வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் அதிகம் வருவதை மேலே வையுங்கள். எதையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்காதீர்கள்.

சிகிச்சையும் அறிகுறியும் நோயல்ல

பட்டியலில் நுழையவே விடக்கூடாதவை உண்டு. "ஆர்சிடி தேவை", "கேப் தேவை", "எக்ஸ்ட்ராக்ஷன்", "ஸ்கேலிங்": இவை சிகிச்சை. "பல்வலி", "வீக்கம்", "ரத்தம் வருகிறது": இவை நோயாளி சொல்வது. அதற்கு முறையீடு என்ற தனி இடம் இருக்கிறது, நோயாளியின் சொல்லிலேயே அங்கே எழுதுங்கள். வலிக்குக் காரணம் அன்றைக்குத் தெரியவில்லை என்றால் மட்டும் வலியையே டயக்னோசிஸாக வைக்கலாம். அடுத்த வருகையில் அதை மாற்றியே ஆக வேண்டும்.

46இல் ஒரு நோயாளி

கீழ் வலது முதல் கடைவாய்ப்பல். மூன்று நாளாக இரவில் தூங்க முடியாத வலி. கோல்ட் டெஸ்டில் குளிர்ச்சியை எடுத்த பிறகும் 40 விநாடி வலி நிற்கிறது. தட்டினால் வலிக்கிறது. ஐஓபிஏவில் (பல்லின் சிறிய எக்ஸ்ரே) அக்லூசல் (மெல்லும்), டிஸ்டல் (பின்புற) பக்கத்தில் ஆழமான சொத்தை. வேர் நுனியில் பிடிஎல் (வேரை எலும்போடு பிணைக்கும் நார்) இடைவெளி லேசாக அகன்றிருக்கிறது.

வழக்கமாக எழுதுவது: "46 ஆர்சிடி". எழுத வேண்டியது மூன்று வரி.

ஒன்று, சொத்தை: டென்டினைத் தாண்டி பல்ப்பை எட்டியது, பல் 46, பக்கம் அக்லூசல்-டிஸ்டல், கே02.5. இரண்டு, பல்ப்: அறிகுறியுள்ள இர்ரிவர்சிபிள் பல்பைடிஸ், பல் 46, கே04.0. மூன்று, வேர் நுனி: அறிகுறியுள்ள ஏபிகல் பெரியோடான்டைடிஸ் (வேர் நுனியைச் சுற்றிய அழற்சி), பல் 46, கே04.4.

பல்ப்புக்கும் வேர் நுனிக்கும் தனித்தனி டயக்னோசிஸ் எழுத வேண்டும் என்பது அமெரிக்க எண்டோடான்டிஸ்ட் (வேர் சிகிச்சை நிபுணர்) சங்கத்தின் சொல்முறை. பல்ப்புக்கு ஏழு சொல், வேர் நுனிக்கு ஆறு சொல். அந்தப் பதின்மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கல்லூரிகளிலும் அதைத்தான் கற்றுத்தருகிறார்கள். ஐசிடியோடு பொருத்தும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அறிகுறியற்ற ஏபிகல் பெரியோடான்டைடிஸ் கே04.5. க்ரானிக் ஏபிகல் ஆப்சஸுக்குச் சீழ் வடியும் சைனஸ் வழி இருக்கும், அதனால் கே04.6. அக்யூட் ஏபிகல் ஆப்சஸ் கே04.7. ஆப்சஸ் என்று பார்த்தவுடன் எல்லாவற்றையும் கே04.7இல் போடுவது வழக்கமான பிழை. ஈறில் சின்னக் கொப்புளம்போல சைனஸ் வாய் இருக்கிறதா என்று பார்த்தால் கோடு தானாகத் தெளிவாகும்.

இப்போது சிகிச்சையை இணைக்க வேண்டும். ஆர்சிடியை இரண்டாவது, மூன்றாவது வரிகளோடு இணையுங்கள். அதன் பிறகு வரும் கோர், கேப் ஆகியவற்றை முதல் வரியோடு. பல்லின் உடல் போனது சொத்தையால். சாஃப்ட்வேரில் இணைக்க வழியில்லை என்றால் ட்ரீட்மென்ட் பிளானின் குறிப்புப் பெட்டியில் டயக்னோசிஸ் வரியின் எண்ணையாவது எழுதுங்கள். தரவுப் பரிமாற்றத்துக்கு இந்தியாவில் பயன்படும் ஃபயர் (FHIR) அமைப்பில் இதற்கென்றே இடம் உண்டு: சிகிச்சைப் பதிவில் "காரணம்" என்ற புலம் நோய்ப் பதிவைச் சுட்டும்.

ஆர்சிடி முடிந்ததும் அந்த வரிகளை அழிக்காதீர்கள். பல்ப் வரியை "தீர்ந்தது" என்று மாற்றி, "முன்பே வேர் சிகிச்சை செய்த பல்" என்று புது வரி போடுங்கள். வேர் நுனி வரியை உடனே மூடாதீர்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு மூடுங்கள். முதல் பத்தியில் வந்த 36க்காரர் திரும்பி வரும் நாளில் இந்த மூன்று வரியும் தேதியோடு கண் முன்னால் இருக்கும்.

ஈறு நோய் பல்லுக்கு அல்ல, ஆளுக்கு

பெரியோடான்டைடிஸை (எலும்பு வரை போன ஈறு நோய்) ஒவ்வொரு பல்லிலும் தனித்தனியாகப் பதிந்து 14 வரிகள் சேர்த்துவைப்பவர்கள் உண்டு. 2017 உலக மாநாட்டின் வகைப்பாடு (2018இல் வெளியானது) ஆளுக்கு ஒரே டயக்னோசிஸ் கேட்கிறது: பரவல், ஸ்டேஜ் (எவ்வளவு முற்றியது), கிரேடு (எவ்வளவு வேகமாக முற்றுகிறது). பல்வாரியான ஆழ அளவுகள் பெரியோ சார்ட்டில் இருக்கட்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வயது 47. வாயில் 28 பல். மிக மோசமான இடத்தில், இரண்டு பல்லுக்கு நடுவே, அட்டாச்மென்ட் இழப்பு (பல்லைப் பிடித்திருக்கும் திசு போன அளவு) 6 மி.மீ. எக்ஸ்ரேயில் அந்த இடத்தில் எலும்பு இழப்பு வேர் நீளத்தில் 60 சதவீதம். ஈறு நோயால் போன பல் இரண்டு. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.8. இழப்பு 5 மி.மீ.க்கு மேல், போன பல் நான்குக்குள்: ஸ்டேஜ் 3. ஐந்து அல்லது அதற்கு மேல் போயிருந்தால் ஸ்டேஜ் 4. 60ஐ 47ஆல் வகுத்தால் 1.28, ஒன்றைத் தாண்டியதால் கிரேடு சி. சர்க்கரை 7க்கு மேல் என்பதும் கிரேடு சிதான் சொல்கிறது. பாதித்த பல் 12, அதாவது 43 சதவீதம். 30ஐத் தாண்டியதால் ஜெனரலைஸ்டு (வாய் முழுக்கப் பரவியது).

இதில் இரண்டு இடங்களில் எண் பொய் சொல்லும். சொத்தையால் பிடுங்கிய பல்லையும் "போன பல்" கணக்கில் சேர்த்தால் ஸ்டேஜ் 3 நோயாளி 4 ஆகிவிடுவார். பிடுங்கியது ஏன் என்ற பழைய பதிவு இல்லாததால்தான் பெரும்பாலும் இந்தப் பிழை வருகிறது. இரண்டாவது, பதிந்த ஞானப்பல்லாலோ அதைப் பிடுங்கியதாலோ பக்கத்து இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்புறம் இழப்பு தெரியும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஸ்டேஜ், கிரேடு, பரவல் மூன்றும் தனித்தனிப் புலங்களாக இருக்கட்டும். ஐசிடி-10இல் இவை எல்லாம் சேர்ந்து கே05.3 என்ற ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிடும். விவரத்தைக் காப்பாற்றுவது அந்த மூன்று புலங்கள்தான். பழைய பதிவுகளில் "அக்ரெசிவ்", "க்ரானிக்" என்று 1999 வகைப்பாட்டின்படி எழுதியிருப்பதைப் புதுச்சொல்லுக்கு மாற்றி எழுத வேண்டாம். அன்று அளந்தது அன்றைய சொல்லோடு இருக்கட்டும். அடுத்த வருகையில் புதிதாக அளந்து புது வரி போடுங்கள்.

எலும்பு இழப்பே இல்லை, ரத்தம் மட்டும் வருகிறது என்றால் ஜின்ஜிவைடிஸ் (ஈறு அழற்சி), கே05.1. அதற்கும் அளவுகோல் உண்டு: ப்ரோப் (ஈறின் ஆழத்தை அளக்கும் கருவி) பட்டு ரத்தம் வரும் இடங்கள் 10 சதவீதத்தை எட்ட வேண்டும். "கிளீனிங்" என்று வந்தவர் எல்லோருக்கும் இதைப் போடுவது, பில்லுக்குக் காரணம் தேடுவது மாதிரி.

கன்னத்தின் உட்புறம்

சந்தேகத்தைச் சந்தேகமாகவே பதிய வேண்டிய இடம் இது. கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு தெரிந்த அன்றே லுக்கோபிளேக்கியா என்று உறுதியாக எழுதிவிட்டால், பயாப்ஸியில் வேறு வந்தாலும் அந்தச் சொல் நோயாளியின் பதிவில் நிரந்தரமாகிவிடும். ஒவ்வொரு டயக்னோசிஸ் வரிக்கும் உறுதிநிலை என்ற புலம் வையுங்கள்: தற்காலிகம், மாற்றுச் சாத்தியம், உறுதி, மறுக்கப்பட்டது, தவறுதலாகப் பதிந்தது. பயாப்ஸி முடிவு வந்ததும் பழைய வரியை "மறுக்கப்பட்டது" என்று மாற்றி, புது வரி சேருங்கள். அழித்தால் எதற்காக பயாப்ஸி செய்தோம் என்பதே காணாமல் போகும்.

பாக்கு, மாவா பழக்கத்தால் வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸுக்கு (வாயின் உட்தோல் இறுகும் நோய்) கே13.5. உலகப் பதிப்பிலும் அமெரிக்கப் பதிப்பிலும் ஒன்றே என்பதால் இங்கே குழப்பமில்லை. ஆனால் கோடு மட்டும் போதாது. வாயைத் திறக்கச் சொல்லி மேல், கீழ் வெட்டுப்பற்களுக்கு நடுவே மி.மீ. அளந்து ஒவ்வொரு வருகையிலும் பதியுங்கள். நோய் முன்னேறுகிறதா என்பதை அந்த எண் காட்டும். டயக்னோசிஸ் பெயர் வருடக்கணக்கில் மாறாமல் அப்படியே நிற்கும். பழக்கத்தைத் தனிப் புலத்தில் எழுதுங்கள். நோயின் பெயருக்குள் திணிக்க வேண்டாம்.

பல் எண்

நம் ஊரில் எஃப்டிஐ முறை. வெளிநாட்டு சாஃப்ட்வேர் சில, நிறுவியவுடன் அமெரிக்க யுனிவர்சல் முறையில் திறக்கும். எஃப்டிஐயில் 11 மேல் வலது முன்பல். யுனிவர்சலில் 11 மேல் இடது கோரைப்பல். எஃப்டிஐயில் 18 மேல் வலது ஞானப்பல்; யுனிவர்சலில் 18 கீழ் இடது இரண்டாம் கடைவாய்ப்பல். இரண்டுமே இருக்கக்கூடிய பல் என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. முதல் நாளே அமைப்புகளில் பார்த்து மாற்றுங்கள். பிறகு 46ஐத் தட்டி, படத்தில் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் ஒளிர்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள். குழந்தைகளுக்கு 51 முதல் 85 வரை உள்ள பால்பல் எண்களும் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை அடைத்திருந்தால் 75க்குப் பதில் 35 என்று பதியும். ஆறு வயதுக் குழந்தைக்கு இன்னும் முளைக்காத பல்லில் சொத்தை இருக்கும்.

பட்டியலை எக்ஸெலில் தயாரிப்பவர்களுக்கு இரண்டு பொறிகள். "11-12" என்று பல் வரம்பு எழுதினால் எக்ஸெல் அதைத் தேதி ஆக்கிவிடும். ஸ்நோமெட் எண் 18 இலக்கம் வரை போகலாம். எக்ஸெல் 15 இலக்கத்தைத்தான் காப்பாற்றும், மீதி பூஜ்யமாகும். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். எண் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு: கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், அதற்கு முந்தைய இரண்டும் 00 அல்லது 10 ஆக இருந்தால் அது கருத்தின் எண். 01 அல்லது 11 என்றால் நீங்கள் நகலெடுத்தது கருத்தின் எண்ணை அல்ல, அதன் பெயர்களில் ஒன்றின் எண்ணை. தேடுபக்கத்திலிருந்து அவசரமாக நகலெடுக்கும்போது இது நிறைய நடக்கும்.

மாதம் ஒரு மணி நேரம்

பட்டியலை வைத்துவிட்டு மறந்தால் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். மாதம் ஒருமுறை நான்கு எண்களை எடுங்கள். கே02.9 போன்ற "குறிப்பிடப்படாத" கோடுகள் எத்தனை? பல்ப் டயக்னோசிஸ் இல்லாத ஆர்சிடி எத்தனை? டயக்னோசிஸ் இல்லாமல் பிடுங்கிய பல் எத்தனை? "மற்றவை" பெட்டியில் தட்டியவை என்னென்ன?

நான்காவதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரே விஷயம் மூன்று தடவைக்கு மேல் வந்திருந்தால் பட்டியலில் அந்தச் சொல் இல்லை, அல்லது இருந்தும் தேடும்போது கிடைக்கவில்லை. இரண்டாவது காரணம்தான் அதிகம். மாற்றுப்பெயர்களைச் சேர்த்துவிடுங்கள், "சொத்தை", "கூச்சம்", "ஞானப்பல் வலி" என்று தட்டினாலும் சரியான சொல் வரட்டும். "குறிப்பிடப்படாத" கோடு அதிகமாக இருந்தால் மருத்துவரைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலும் அங்கே ஒரு கிளிக் அதிகம் கேட்கிறோம், அல்லது மருத்துவர் வாயால் சொல்ல, அசிஸ்டன்ட் பதிகிறார், ஆழத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார். அசிஸ்டன்ட் பதியலாம், அன்று கிளினிக் மூடும் முன் மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். போன வருகையின் டயக்னோசிஸை அப்படியே நகலெடுக்கும் பொத்தான் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

ஸ்நோமெட்டின் சர்வதேசப் பதிப்பு இப்போது மாதந்தோறும் வருகிறது. மாதம் மாதம் துரத்த வேண்டாம். வருடம் ஒருமுறை உங்கள் 80 சொல்லில் ஏதாவது செயலிழந்ததா என்று பாருங்கள். செயலிழந்த எண்ணைப் புதிய தேர்வில் காட்டாதீர்கள், பழைய பதிவில் அப்படியே விட்டுவிடுங்கள். ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு மாறச் சொல்லும் நாளில், ஸ்நோமெட் எண்ணைச் சேமித்து வைத்த கிளினிக் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் புதிய ஐசிடி நெடுவரிசை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். கே02.9 மட்டும் வைத்திருக்கும் கிளினிக் ஒவ்வொரு நோயாளியையும் மறுபடி வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.